பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூலிங் கேஸ்

ஏகாம்பரத்தின் காரில் குளிர்காற்று கடைசியாக வந்த இடம் சுங்குவார்சத்திரம். அங்கே ஒரு கடையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தோம். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டி உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. அதற்கப்புறம் அனலாக ஊத ஆரம்பித்தது. ஏகாம்பரம் விசையை முன்னும் பின்னும் திருகிப் பார்த்துவிட்டு, "போச்சு மாமா" என்றான். பொழுது விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

ஏகாம்பரம் என் மனைவியின் தம்பி. மெட்ராசில் இரண்டு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டையும் விற்று, ஏதோ ஒரு தூதரகத்தார் ஏலத்தில் விட்ட இந்த அமெரிக்கக் காரை வாங்கியிருந்தான். அறை மாதிரி அகலம், படகு மாதிரி நீளம், உள்ளே ஏர்கண்டிஷன். வெள்ளைக்காரப் பயணிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில்களுக்கு அழைத்துப்போக இப்படி ஒரு வண்டி வேண்டும் என்று ஒரு பெரிய ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை உச்சி வெயிலில் ஹோட்டல் மானேஜர் தானே ஏறி உட்கார்ந்து பார்ப்பார். குளிர்ந்தால் வண்டியை வைத்துக்கொள்வார்கள். குளிராவிட்டால் வேறொருவனின் வண்டி தயாராக நிற்கிறது. இவ்வளவு பெட்ரோல் குடிக்கிற வண்டியை வேறு எவன் வாடகைக்கு எடுப்பான்? அன்றைக்குப் புதன்கிழமை.

நான் சிங்கப்பூர்க்காரன். துறைமுகத்தில் கப்பல்களின் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். காஞ்சிபுரத்துக்கே போய், தறியிலிருந்து இறங்குகிற புடவையை என் கையால் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது என் மனைவி செல்லத்தின் உத்தரவு. கூடவே தன் கல்யாணப் புடவையையும் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்துபோனது. "பழைய சரிகை வாங்குற கடை அங்க இருக்கும். கொடுத்துட்டு, புதுசுல சரிகை கூடப் போடச் சொல்லுங்க" என்றாள். நானும் இரண்டு மாத லீவில் கப்பலேறி வந்துவிட்டேன்.

"பயப்படாதே ஏகாம்பரம், இதைவிடப் பெரிய பெட்டியெல்லாம் பார்த்தவன் நான். நானே சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரேடியோ மாதிரியா?" என்றான்.

அந்த ரேடியோவைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். கல்யாணமான புதிதில் பெரம்பூரில் மாமனார் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. தெருவிலேயே அது ஒன்றுதான். லேசாக இரைச்சல் கேட்கிறது என்றார் மாமனார். கடையில் கொடுக்கலாம் என்று எழுந்தவரை, புது மாப்பிள்ளை நான்தான் தடுத்து, திறந்து, சரி செய்து மூடினேன். மூடியபின் மூன்று திருகாணி மிச்சம் இருந்தது. ரேடியோ அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு அப்போது ஒன்பது வயது. அன்று முழுக்க அழுதான். கம்பெனியிலிருந்து வரும்போதே வால்வு கோளாறு என்று நான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் இந்த ரேடியோ வராமல் பேச்சு முடியாது.

வண்டியின் நான்கு கண்ணாடிகளில் இரண்டு இறங்காது. ஏர்கண்டிஷன் இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று ஏகாம்பரமும் விட்டுவைத்திருந்தான். இறங்கிய இரண்டு கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். சிங்கப்பூரிலும் வெயில் உண்டு. ஆனால் சாயங்காலமானால் ஒரு மழை வந்து சமாதானம் சொல்லிவிட்டுப் போகும். சித்திரை மாதத்துக் காஞ்சிபுர வெயிலுக்குச் சமாதானமெல்லாம் தெரியாது. மெட்ராஸ் ஸ்டேட் என்று எழுதியிருந்த இடங்களில் தமிழ்நாடு என்று புதிதாக எழுதியிருந்தார்கள். பல போர்டுகளில் பழைய எழுத்து பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

நாங்கள் பார்க்க வேண்டிய நெசவாளர் முனிரத்தினம். ஏகாம்பரத்துக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். வீடு பிள்ளையார்பாளையத்தில். தெரு முனையில் வண்டியைத் திருப்பியதும் பிரேக் போட வேண்டியதாயிற்று. தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரக்குச் சிவப்பில் பட்டு நூலாக இழுத்துக் கட்டியிருந்தது. இதற்குப் பாவு என்று பெயர், புடவையின் நீள நூலெல்லாம் சேர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் அதற்குக் கஞ்சி தெளித்து, நீவி, காயவைத்து எடுத்துவிடுவார்கள். அதுவரை தெரு அவர்களுடையது.

"பாவு கட்டியிருக்குதுபா. வண்டி அங்கியே நிக்கட்டும்" என்று ஒருவர் கையைக் காட்டினார்.

நின்ற இடத்திலேயே நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். கம்ப்ரசர் பெல்ட் நன்றாக இருந்தது. வாயு அழுத்தம் காட்டுகிற மானியின் முள்தான் செத்துக் கிடந்தது. உள்ளே சுற்றி வந்து குளிரூட்டுகிற வாயு சொட்டுக்கூட மிச்சமில்லை. எங்கோ ஓட்டை. நான் விஷயத்தைச் சொன்னதும் ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"கூலிங் கேஸ் மொத்தமும் போச்சா? இனிமே மெட்ராஸ்லதான மாமா பாக்கணும்! சனிக்கிழமைக்குள்ள முடியலன்னா நான் தொலைஞ்சேன்!"

கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். வண்டியையும் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய காரைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ஏர்கண்டிஷன் பழுது பார்க்கிற மெட்ராஸ் கடைக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்கக் காத்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு தூக்கமே முடிந்துவிட்டது. கடைக்காரர் சொன்னதை ஏகாம்பரம் இங்கே திருப்பிச் சொன்னான்: "கொண்டாந்து வுடுன்றாரு. உள்ள இருக்குற கொழாச் சுருள், அதான் காயில், போயிருக்கும், பம்பாய்லேருந்து வரணும், ரெண்டு வாரம் ஆவும்ன்றாரு." சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு விடு. முடியலைன்னா கடைக்கே போவோம்" என்றேன். அவனுக்கும் வேறு வழியில்லை.

திரும்பி வந்தபோது பாவைச் சுருட்டியிருந்தார்கள். முனிரத்தினம் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் மனைவி ராஜம்மா கதவோரம் நின்று எங்களை மேலும் கீழும் அளந்தாள்.

"புடவ விசயம் இருக்கட்டும்பா. மொதல்ல உங்க கேஸ் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார் முனிரத்தினம்.

என் வண்டியில் கேஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் இவருக்கென்ன? "அது கேஸ் போட்டா அரை நாள்ல முடிஞ்சிடும்" என்றேன்.

"அர நாள்லயா? கேஸ் போட்டு அர நாள்ல முடிஞ்சத நான் எங்கியும் பாக்கலியே!"

"சிங்கப்பூர்ல நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன்."

அவர் முகம் இன்னும் கறுத்தது. ராஜம்மா தெலுங்கில் படபடவென்று ஏதோ சொன்னாள். மெட்ராஸில் டாக்சி ஓட்டியவனுக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா? ஏகாம்பரத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, என்ன என்று காதோரம் கேட்டேன். அவன் தமிழில் சொன்னான்:

"'யார் கூலியையோ குடுக்காம ஏமாத்திட்டு கோர்ட்டுக்குப் போயி தோத்தவன் இவன். இவ்ளோ பெரிய காரு, ஆனா கூலி குடுக்க வக்கில்ல. இவனுக்குப் பொடவ நெய்ஞ்சு குடுத்தா நம்ம கூலியும் இதே கதிதான். அனுப்பிடு'ன்னு சொல்றாங்க மாமா."

அடக் கடவுளே! கூலிங் கேஸ் என்று ஏகாம்பரம் கத்தியதைத் தெருவே கூலிக் கேஸ் என்று வாங்கிக்கொண்டிருக்கிறது. எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா? நெய்தால் கூலி, கூலி உயர்வு, கூலிப் பாக்கி என்று நாள் முழுக்க அந்தச் சொல்லைப் பேசுகிற தெருவில் வேறெப்படிக் கேட்கும்? நான் கைகூப்பி விளக்கினேன்.

"ஐயா, அந்தக் கேஸ் இல்லை. இது வேற கேஸ்."

"இன்னொரு கேஸ் வேற இருக்குதா?" என்றார் முனிரத்தினம்.

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய நேரத்தில் சிரிக்கிறானே என்று அவர்களுக்கு என் மேல் இருந்த கோபம் அவன்மேலும் திரும்பியது. என் கையிலிருந்து புடவையும் போயிற்று, அவன் வண்டியிலிருந்து குளிரும் போயிற்று. கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் போய்ப் படுத்தோம். மின்விசிறி கட்டைவண்டி வேகத்தில் சுற்றியது. என்னை ஊரே கூலி கொடுக்காதவன் என்று நினைக்கிறதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முப்பது வருஷம் நானும் கூலிக்குத்தானே உழைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டோம். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, மந்தாரை இலை வைத்த கூடையில் வேகவைத்து, துண்டு போட்டுத் தருகிறார்கள். சிங்கப்பூரில் பரோட்டாவும் கோப்பியுமாக விடிகிற எனக்கு முதல் துண்டு முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. மூன்றாவது துண்டில் இன்னொன்று கேட்டேன். ஏகாம்பரம் ஒன்றுக்கு மேல் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். "சாப்பிடுடா, வேலை இருக்கு" என்று அதட்டினேன்.

லாட்ஜ் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். கேஸ் இல்லாத குழாயில் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கி, குழாய்க்குள் காற்றை ஏற்றினேன். உள்ளே ஈரக்காற்று போகக்கூடாதுதான். மெட்ராசில் கேஸ் நிரப்பும்போது உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். துவைக்கிற சோப்பைக் கரைத்து நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில், விரல் பருமன் செப்புக் குழாயும் காயிலும் சேருகிற இடத்தில், ஒரு குமிழ் எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

"ஏகாம்பரம், வா, வந்து பார்!"

அவன் தரையில் படுத்துத் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தான். "இவ்ளோதானா? இதுக்கா பம்பாய்லேருந்து வரணும்?"

"காயில் நல்லா இருக்கு. பழைய பற்றுதான் விட்டிருக்கு. வெள்ளி வெச்சுப் பத்தவெச்சா தீர்ந்தது."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இந்த அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் நிற்காது. சிங்கப்பூர் ஒர்க்‌ஷாப்பில் என்றால் வெள்ளி கலந்த கம்பிகள் கட்டுக்கட்டாக இருக்கும். காஞ்சிபுரத்தில் யாரிடம் போய்க் கேட்பது? சைக்கிள் கடைக்காரர் ஈயம்தான் தெரியும் என்றார். வெல்டிங் பட்டறைக்காரர் இரும்பு கேட் என்றால் கொண்டுவா என்றார்.

சரி, அதுவாவது ஆகட்டும் என்று செல்லத்தின் பழைய புடவையை எடுத்துக்கொண்டு சரிகைக் கடைக்குப் போனோம். கழற்றிய குழாயையும் காயிலையும் ஏகாம்பரம் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். இரவல் பம்பும் சோப்பும் என் பையில். கடைக்காரர் கரீம் பாய். வெற்றிலைச் சிவப்பு வாய், மூக்கு நுனியில் கண்ணாடி. பழைய பட்டுப்புடவைகளை வாங்கி, சரிகையை எரித்து உருக்குவது அவர் தொழில். புடவையை விரித்துக் கரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அசல் சரிகை சார். இப்ப இது மாதிரி வராது. யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது. கல்யாணப் புடவை."

அப்போதுதான் அவருக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தைப் பார்த்தேன். உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளி உருண்டைகள். எனக்குப் பொறி தட்டியது. சரிகை என்றால் வெள்ளிதானே! தங்கம் மேலே ஒரு பூச்சு, உள்ளே வெள்ளி. நான் கையில் வெள்ளியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வெள்ளி தேடியிருக்கிறேன்.

குழாயைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளியில கொஞ்சம் பித்தள சேத்து பொடி பண்ணா புடிச்சுக்கும். நகைக்கு வெக்கிறதுதானே. இந்தக் கிண்ணத்துல இருக்கிறதுலேருந்தே எடுத்துக்கலாம்."

"இதுலேருந்து எடுத்தா என்ன?" என்று புடவையைக் காட்டியவன் ஏகாம்பரம்தான். "அக்கா புடவ மாமா. எனக்காகன்னா அக்கா வேணாம்னா சொல்லும்?"

புடவையைப் பாயிடம் நீட்டினேன். ஒரு சாண் கரையை மட்டும் பாய் கத்தரித்தார். மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் போட்டுக் கரியில் வைத்தார். பட்டு கருகி, முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் செல்லம் பெரம்பூர் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் நான் ரேடியோவைத் திறப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி உருகிச் சேர வெங்காரம் தூவி ஊதினார் பாய். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு பொட்டு வெள்ளி மினுங்கிக்கொண்டு வந்தது. நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

பாய் அதில் பித்தளை சேர்த்து உருக்கி, அரத்தால் ராவிப் பொடியாக்கித் தந்தார். பற்றவைக்கிறேன் என்று நான்தான் முதலில் உட்கார்ந்தேன். பாயிடம் இருந்தது மண்ணெண்ணெயில் எரிகிற ஊதுவிளக்கு. என் கைக்குப் பழக்கம் பெரிய தீ. செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே போனது, வெள்ளி மட்டும் உருகித் திரண்டு, குழாயில் ஒட்டாமல் உருண்டு மண்ணில் விழுந்தது. பாதிச் சரிகை போயிற்று. தலையைத் தூக்கி ஏகாம்பரத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்று திருகாணிகளும் கண்முன்னே வந்து நின்றன.

"சார், உங்களுக்கு வேல தெரியுது. நெருப்புதான் பத்தல" என்றார் பாய். "கொஞ்சம் நகருங்க."

ஒரு சட்டியில் மூட்டைச் சுற்றிக் கரித்துண்டுகளைக் கூடு மாதிரி அடுக்கினார். காற்றுப் படாமல் ஓட்டுத் துண்டுகளை அண்டை கொடுத்தார். ஊதுவிளக்கைக் கூட்டுக்குள் திருப்பிவிட்டு, அவர் ஒரு பக்கம் துருத்தியை அமுக்க, நான் மிச்சப் பொடியை இடுக்கியில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். செம்பு சிவந்தது. "இப்ப!" என்றார். வைத்தேன். வெள்ளி ஒரு கணம் தயங்கி, பிறகு தண்ணீர்போல மூட்டைச் சுற்றி ஓடி, விளிம்பெல்லாம் நிரம்பியது.

ஆறியதும் பம்பை மாட்டி ஏகாம்பரம் காற்றடித்தான். நான் சோப்பு நுரையைத் தடவினேன். மூன்று பேரும் குனிந்து அந்த மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு குமிழ்கூட எழவில்லை.

"மாமா!" என்று ஏகாம்பரம் என்னைக் கட்டிக்கொண்டான். நுரையெல்லாம் என் சட்டையில்.

டீ குடிக்கும்போது முனிரத்தினம் கதையைச் சொன்னேன். பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "முனிரத்தினமா? நம்ம ஆளுதான்! வாங்க" என்று கடையைச் சாத்திவிட்டு எங்களோடு கிளம்பினார். பிள்ளையார்பாளையம் போனதும் தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"யோவ் முனிரத்தினம்! கூலி இல்லய்யா, கூலிங்! ஜில்லுன்னு காத்து வருமே அது. அதுக்கு ஒரு கேஸ் இருக்குதாம், பெட்ரோமாக்ஸுக்குள்ள இருக்கிற மாதிரி. அது ஒழுகிடுச்சு. இவரு யாரு கூலியையும் முழுங்கலய்யா, இவரே கூலிக்காரருதான்!"

முனிரத்தினம் கையிலிருந்த நூல்கண்டோடு வெளியே வந்து திகைத்து நின்றார். ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. பிறகு மோரோடு வந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. ரெண்டும் ஒண்ணா கேட்டுச்சு" என்றாள். அரக்கில் பச்சைக் கரை, முந்தியில் சரிகை கூடுதல் என்று ஆர்டர் எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு நாளில் வரச் சொன்னார் முனிரத்தினம்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கடைக்குப் போனோம். கடைக்காரரை நான் முழுசாகத் திட்டமாட்டேன். என்ன கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சுகிற பம்பும் கேஸ் சிலிண்டரும் அவரிடம்தான் இருந்தன. காசு கொடுத்துத்தான் போட்டுக்கொண்டோம். குனிந்து மூட்டைப் பார்த்தவர் விரலால் தடவினார்.

"யாரு பண்ணது இது?"

"காஞ்சிபுரத்துல."

"காஞ்சிபுரத்துல ஏசி கடை இருக்கா என்ன?"

"இருக்கே. பழைய பட்டுப்புடவை வாங்குற கடை" என்றான் ஏகாம்பரம். அவர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஹோட்டல் மானேஜர் ஏறினார். நான் ஹோட்டல் வாசலில் நின்றேன். கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவர அரைமணி. அதற்குள் மூன்று சோடா குடித்துவிட்டேன். வண்டி திரும்பி வந்தது. முன்கதவு திறந்து ஏகாம்பரம் இறங்கினான். மானேஜர் இறங்கவில்லை. ஏன் என்று நான் பதறிக்கொண்டு கிட்டே போனால், மனிதர் உள்ளே சாய்ந்து உட்கார்ந்தபடி, "கதவை மூடப்பா, குளிர் போகுது" என்கிறார். திங்கட்கிழமையிலிருந்தே வரச் சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் நாள் அதே காரில் காஞ்சிபுரம் போனோம். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, ராஜா மாதிரி போனோம். கரீம் பாய் கடையில் நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டோம். தான் பற்றவைத்த இடத்தைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, வழியெல்லாம் அந்தப் பெட்டியின் முன்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார். முனிரத்தினம் வாசலிலேயே காத்திருந்தார்.

"இன்னாபா, கூலிக் கேஸ் இன்னாச்சு?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஜெயிச்சுட்டோம். எங்க மாமாதான் வாதாடினாரு" என்றான் ஏகாம்பரம்.

வேறு எதையோ தேடுவதுபோல் நான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, வேறென்ன. ராஜம்மாவை உள்ளே உட்காரவைத்துக் கோயில்வரை ஒரு சுற்று அழைத்துப் போனோம். "அம்மாடி, மார்கழியாட்டம் இருக்குது" என்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

புடவையை விரித்துக் காட்டினார்கள். அரக்கும் பச்சையும் சேர்கிற இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மூட்டு தெரியவில்லை. வேலை தெரிந்தவன் பாராட்டுவதற்கு அதற்குமேல் என்ன இருக்கிறது? வசந்தா இதைக் கட்டிக்கொண்டு நிற்பதை நினைத்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது தறிக்கு மேலே பலகையில் ஒரு ரேடியோ கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. மாமனார் வீட்டில் இருந்ததுபோலவே பெரியது.

"ஒரு மாசமா இப்பிடித்தான் இருக்குது. இங்க யாருக்கும் பாக்கத் தெரியல" என்றார் முனிரத்தினம்.

ஏகாம்பரம் சட்டென்று திரும்பி, "எங்க மாமாகிட்ட குடுங்க. அவரு பாத்துடுவாரு" என்றான். கிண்டல் இல்லை. அவன் முகத்தை நான் உற்றுப் பார்த்துவிட்டேன், ஒரு துளிகூடக் கிண்டல் இல்லை. முனிரத்தினம் ரேடியோவை இறக்கி என்னிடம் நீட்டினார். பின்பக்கத்தில் நான்கு திருகாணி. என் விரல் தானாக அங்கே போனது.

கையை இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, கடையில கொடுங்க" என்றேன். "ரேடியோ மட்டும் எனக்கு வராது. எங்க மாமனார் வீட்டு ரேடியோவைக் கெடுத்தவனே நான்தான்."